சிறிய விளையாட்டுக்குச் சிக்கனமான ஒலி



கைத்தொலைபேசியில் விளையாடுவதோடு நில்லாமல், தாங்களே சிறு விளையாட்டுகளை உருவாக்க முனையும் பிள்ளைகள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். இது நாம் மகிழவேண்டிய செய்தி. ஆனால், அரும்பாடுபட்டுச் செய்த விளையாட்டைப் பக்கத்து வீட்டுப் பையன் தன் தொலைபேசியில் ஏற்றப் பார்க்கிறான். இடமில்லை என்று வருகிறது. முன்பணம் கட்டி வாங்கிய இணையமும் பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது. பட்ட பாடெல்லாம் வீண்தானே? காரணத்தைத் தேடினால், பல வேளைகளில் ஒலிதான் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதைக் குறைக்கும் வழியை இன்று பார்ப்போம்.

கணினி ஒலியை எப்படிச் சேமிக்கிறது? விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாகக் குறித்து வைக்கிறது. இசைத்தட்டுத் தரத்தில் விநாடிக்கு 44,100 அளவுகள். ஒவ்வோர் அளவுக்கும் 2 பைட்டு இடம். இடம், வலம் என 2 தடங்கள். பெருக்கினால், ஒரு விநாடி ஒலிக்கு 176,400 பைட்டு ஆகிறது.

நம் பிள்ளையின் விளையாட்டில் ஒரு நிமிட இசையும், ஒரு விநாடி நீளமுள்ள 10 சத்தங்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 70 விநாடி. அதற்கு 12,348,000 பைட்டு வேண்டும். இதை எப்படிக் குறைக்கலாம்?

முதலாவது, வெறும் மௌனத்தை வெட்டுங்கள். ஒரு சத்தத்தின் முன்னும் பின்னும் ஒன்றும் கேட்காத பகுதிக்கும் அதே இடம்தான் செலவாகிறது. ஒரு விநாடிச் சத்தம் அரை விநாடியில் அடங்கிவிடலாம்.

இரண்டாவது, இரண்டு தடங்களை ஒன்றாக்குங்கள். தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் இடவல வேறுபாடு அதிகம் தெரிவதில்லை. இடமோ பாதியாகிவிடும்.

மூன்றாவது, சத்தங்களுக்கு அளக்கும் எண்ணிக்கையை 22,050 ஆக்குங்கள். அளவுகளின் எண்ணிக்கையில் பாதி வரையுள்ள அதிர்வுகளையே பதிய முடியும் என்பது விதி. கதவு சாத்தும் ஓசைக்கும், கால் ஊன்றும் ஓசைக்கும் இது போதும். மணியோசையும் சீழ்க்கையும் மங்கக்கூடும். அவற்றைக் கேட்டுப் பார்த்துத்தான் குறைக்க வேண்டும்.

நான்காவது, ஒரு நிமிட இசைக்குப் பதிலாக, முடிவும் தொடக்கமும் பொருந்தும்படி 15 விநாடி இசையைச் செய்து, அதையே திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யுங்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். இசைக்கு 1,323,000, சத்தங்களுக்கு 220,500. மொத்தம் 1,543,500 பைட்டு. முன்பிருந்ததில் எட்டில் ஒரு பங்கு!

ஐந்தாவது, இசையைச் சுருக்குங்கள். ரப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடாக்கி உலர்த்தும்போது நீர் போய் ரப்பர் நிற்கிறதல்லவா? அதுபோல, நம் காது கவனிக்காத பகுதிகளை நீக்கி எழுதும் முறைகள் உண்டு. எம்பி3 ஒன்று, ஆக் வோர்பிஸ் மற்றொன்று. எம்பி3 கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனம் சேர்ந்துவிடுவதால், திரும்ப ஒலிக்கும் இசை இடறும். அதற்கு ஆக் வோர்பிஸே ஏற்றது. விநாடிக்கு 8,000 பைட்டு என்று சுருக்கினால், 15 விநாடி இசைக்கு 120,000 போதும். மொத்தம் 340,500 பைட்டு. தொடங்கிய இடத்தில் முப்பத்தாறில் ஒரு பங்குகூட இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுருக்கியதையே மீண்டும் சுருக்கினால் ஒலி கெடும். நீக்கியது திரும்ப வராது. ஆகவே மூலப் பதிவைத் தனியே பத்திரப்படுத்திவிட்டு, அதன் நகலில் கை வையுங்கள். வெட்டவும் மாற்றவும் ஆடாசிட்டி என்னும் கணினிச் செயலி விலையின்றிக் கிடைக்கிறது.

இவ்வளவு சிக்கனம் பிடித்தால் விளையாட்டு சுவைக்குமா என்று ஐயம் எழலாம். 1985-இல் ஜப்பானில் நிந்தெண்டோ நிறுவனம் வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டை எண்ணிப் பாருங்கள். நிரல், படம், இசை எல்லாம் சேர்ந்து 40 கிலோபைட்டுக்குள் அடங்கின. இசைத்தட்டுத் தரத்தில் கால் விநாடி ஒலிக்குக்கூட அந்த இடம் போதாது! அதில் கோஜி கோண்டோ அமைத்த இசை ஒலிப்பதிவாக இல்லை. எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்ற குறிப்புகளாகவே இருந்தது. கருவியின் ஒலிச் சில்லு அதைப் படித்து வாசித்தது. மாரியோ குழாய்க்குள் இறங்கும்போதும், அடிபட்டுச் சிறுக்கும்போதும் ஒரே சத்தம்தான். நம் பிள்ளைகளும் ஒரு காலடி ஓசையைச் சற்று உயர்த்தியும் தாழ்த்தியும் பல காலடிகளாக ஒலிக்கச் செய்யலாம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை செய்ததை உங்கள் தொலைபேசியில் போட்டுக் கேளுங்கள். எது தெளிவாக இருக்கிறது, எது கரகரக்கிறது என்று சொல்லுங்கள். அதற்குக் கணினிப் படிப்பு வேண்டியதில்லை. காது இருந்தால் போதும். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது நம் பழமொழி. வீட்டுக்குப் பொருந்தும் அது, பிள்ளைகளின் விளையாட்டுக்கும் பொருந்தும். சிறிதாய்ச் செய்தால்தான், பழைய தொலைபேசி வைத்திருக்கும் தோழனும் அதை விளையாட முடியும்.