சீஸுக்குள் ஒரு கன்று

பீட்சாமேல் நூல் நூலாக இழுபடுகிறதே சீஸ், அதில் பாலும் உப்பும் மட்டும்தானே என்று நினைப்போம். பன்னீர் செய்ய எலுமிச்சைச் சாறு போதும். ஆனால் கெட்டிச் சீஸுக்குப் பாலை உறைய வைக்க ரென்னெட் வேண்டும். பால்குடி மறக்காத கன்றின் நான்காவது இரைப்பையில் கிடைப்பது அது. கன்றை அறுத்த பிறகுதான் எடுக்க முடியும். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்கு இன்றும் கன்று ரென்னெட்தான், விதியே அப்படி. சைவம் என்று நம்பிச் சாப்பிட்டவர்கள் பாவம்!

1990-ல் அமெரிக்கா ஒரு மாற்றுக்கு அனுமதி தந்தது. ரென்னெட்டில் பாலை உறைய வைக்கிற அதே நொதியை நுண்ணுயிர்களைக் கொண்டே தயாரித்துவிடலாம். அங்கே பெரும்பாலான சீஸ் இப்போது இந்த வழியில்தான்.

அதற்காகக் கன்று தப்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பசு கறக்க வேண்டுமானால் ஈன வேண்டும். பிறப்பது காளைக்கன்று என்றால் பண்ணைக்காரருக்குச் செலவு. அது பெரும்பாலும் இறைச்சிக்குத்தான் போகும்.

பால் கணக்கையும் பார்ப்போம். ஒரு கிலோ கெட்டிச் சீஸுக்குச் சுமார் 10 லிட்டர் பால். ஏறக்குறைய 9 லிட்டர் தெளிநீராகப் பிரிந்துவிடும். அதை ஆற்றில் விட்டால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் செத்து மிதக்கும். ஜிம் பிள்ளைகள் கலக்கிக் குடிக்கிற வே புரோட்டீன் இந்தத் தெளிநீரிலிருந்து வருவதுதான்.

ரென்னெட்டுக்கே திரும்புவோம். சைவம் சாப்பிடுகிறவர்கள் அடுத்த முறை சீஸ் வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பி, பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.