கலத்தலும் சேர்தலும்

(மாணவர் தமிழ்மன்றம் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வேதியியலின் வாயிலில் நிற்கும் மாணவனுக்கு முதன்முதற் கற்பிக்கப்பெறுவன தனிமம், சேர்மம், கலவை என்னும் மூன்றுமாம். இவை தெளிந்தவனுக்கே மேற்பாடம் விளங்கும். தெளியாதவன் இறுதிவரை உருப்போட்டே காலங்கழிப்பான். ஆங்கிலவழிப் பள்ளியிற் பயிலும் தமிழ்ப்பிள்ளை இவற்றை 'எலிமெண்டு', 'காம்பவுண்டு', 'மிக்சர்' என்று ஒப்பிக்கின்றான். காம்பவுண்டு என்றால் அவனுக்கு வீட்டின் சுற்றுச்சுவர். மிக்சர் என்றால் மிட்டாய்க்கடைக் காரத்தீனி! சொல் வாயில் நிற்கின்றது. பொருளோ வேறெங்கோ நிற்கின்றது.

நிறையில் 7 பங்கு இரும்புத்தூளையும் 4 பங்கு கந்தகத்தூளையும் ஒரு தாளிற் கொட்டிக் கிளறுக. காந்தத்தைக் காட்டினால் இரும்பு தனியே எழுந்து ஒட்டிக்கொள்ளும். கந்தகம் மஞ்சளாய்க் கிடக்கும். இரண்டும் கலந்தனவேயன்றித் தத்தம் தன்மையை இழந்தில. இது கலவை. அதனையே ஆய்வுக்குழாயிலிட்டுச் சூடேற்றுக. ஓரிடத்திற் கனன்று தோன்றும் செம்மை, விளக்கை அகற்றிய பின்னும் குழாய் முழுதும் தானே பரவும். ஆறியபின் கிடைப்பது கரிய கட்டி. கந்தகத்தின் மஞ்சள் அதில் இல்லை. முன்போற் காந்தத்தால் இரும்பைப் பிரித்தெடுக்கவும் இயலாது. இரண்டும் சேர்ந்து மூன்றாவதொரு பொருளாயின. இது சேர்மம். இரும்பையோ கந்தகத்தையோ எந்த வேதிமுறையாலும் மேலும் எளிய பொருள்களாய்ப் பிரிக்க இயலாது. தனித்து நிற்பன ஆகலின் அவை தனிமங்கள். இன்று அறியப்பட்டவை 118.

தனி, கல, சேர் என்பன தாய்ப்பாலோடு வந்த சொற்கள் அல்லவோ? பேச்சு வழக்கிற் கலத்தலையும் சேர்தலையும் சிலபோது மாற்றி வழங்குவதுண்டு. அறிவியல் அவற்றுக்கு எல்லை வகுத்தது, அவ்வளவே.

கலவைக்கு அளவுக்கட்டு இல்லை, சேர்மத்துக்கு உண்டு. காவிரியில் முகந்த நீராயினும் மழையாய்ப் பொழிந்த நீராயினும், தூய்மையாக்கிப் பகுத்தால் நிறையில் 1 பங்கு நீரகமும் 8 பங்கு உயிர்வளியுமே கிடைக்கும். இந்நெறியை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்துரைத்தவர் பிரெஞ்சு அறிஞர் புரூசுத்து. அதற்குக் காரணங் காட்டியவர், 1808இல் தம் நூலை வெளியிட்ட ஆங்கிலேயர் தால்டன்: அணுக்கள் முழுமுழுதாய்ச் சேருமேயன்றி அரையும் காலுமாய்ச் சேரா.

கண்ணுக்குத் தெரியா அணுவை எண்ணுவது எங்ஙனம்? உழவன் நெல்மணியை எண்ணிக்கொண்டிருப்பதில்லை, மரக்காலால் முகக்கின்றான். வேதியியலாரின் மரக்கால் 'மோல்'. ஒரு மோலில் அடங்குவன ஏறத்தாழ 6.022 × 10²³ துகள்கள். 2019 முதல் இவ்வகை எண்ணே அதன் வரையறையாயிற்று. நீராயின் 18 கிராம், இரும்பாயின் ஏறத்தாழ 56 கிராம் எடுத்தால் ஒரு மோல். மரக்கால் கொள்ளளவு, மோல் எண்ணளவு என்னும் வேறுபாட்டை மட்டும் கற்பிப்போர் மறவாது சொல்லல் வேண்டும்.

சொல் தெளிவாயிருந்தாற் போதாது. உண்மையாகவும் இருத்தல் வேண்டும். 'ஆக்சிசன்' என்பதன் கிரேக்கப் பொருள் காடியைப் பிறப்பிப்பது. காடிகளுக்கெல்லாம் இவ்வளியே அடிப்படை என்றெண்ணி இலவாசியே இட்ட பெயர் அது. உப்புக்காடியில் இவ்வளியே இல்லை, அதிலுள்ள குளோரின் ஒரு தனிமம் என்று 1810இல் டேவி காட்டினார். கருத்து வீழ்ந்தது, பெயர் நின்றது. செருமானியரும் 'புளிப்புப்பொருள்' எனத் தம் மொழியில் அப்பிழையையே இன்றும் சொல்கின்றனர். அதனால் அந்நாட்டுச் சிறுவன் வேதியியலிற் பின்தங்கிவிடவில்லை என்பது வேறு! தமிழின் 'உயிர்வளி'க்கு அச்சுமை இல்லை. ஆயினும் அதுவும் முழுவிளக்கம் அன்று. இரும்பைத் துருவாக்கித் தின்பதும் அதே வளிதான்.

பாடநூல்கள் காடியை 'அமிலம்' என்கின்றன. அது வடசொல்லின் திரிபு. புளித்த நீரைக் காடி என்றே வழங்கிய வீட்டுப் பிள்ளைக்கு அத்திரிபு எதற்கு?

குறியீடுகளையும் தமிழாக்க வேண்டுமோ எனச் சிலர் வினவுவர். வேண்டா. சோடியத்துக்கு 'நேட்ரியம்', இரும்புக்கு 'பெர்ரம்' என்னும் இலத்தீன் பெயர்களின் எழுத்துகளே குறியீடு. ஆங்கிலச் சிறுவனும் அவற்றை அயலெழுத்தாகவே மனங்கொள்கின்றான். குறியீடு உலகப்பொது; விளக்கமே தாய்மொழிக்கு உரியது.

இம்முயற்சி நேற்றுத் தோன்றியதும் அன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் கிறீன் 1875இல் வேதியியலைத் தமிழ்நூலாக்கினார். நூற்பெயரோ 'கெமிஸ்தம்'! 1916இற் சேலத்தில் இராசாசி முதலியோர் அறிவியற் சொல்லாக்கத்துக்கு ஒரு கழகம் கண்டனர். மறைமலையடிகள் தனித்தமிழ் நோன்பு மேற்கொண்டதும் அதே ஆண்டில்தான். இவ்விரு ஓடைகளும் அன்றே ஒன்றியிருந்தால், 'இரசாயனம்' வேதியியலாக நெடுங்காலம் காத்திருந்திராது.

ஈழத்துப் பாடநூல்களில் தனிமம் 'மூலகம்', சேர்மம் 'சேர்வை', துறையின் பெயர் இன்றும் 'இரசாயனவியல்'. எனினும் அங்குள்ள தமிழ் மாணவர் பல்கலைக்கழக வாயில்வரை தமிழிலேயே இதனைக் கற்றுத் தேர்வெழுதுகின்றனர். தமிழில் இயலாது என்பார்க்கு இதனினும் வேறு விடை வேண்டுமோ? இருகரை அறிஞரும் ஒருங்கமர்ந்து சேர்மமா சேர்வையா எனத் தீர்மானிக்கட்டும். அதுவரை, கடல்கடந்து வரும் ஒவ்வொரு நூலிலும் இரு சொற்களையும் அருகருகே எழுதி மாணவர் கையிற் கொடுக்கும் பணியை ஆசிரியர்கள் இக்கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.