இன்னொரு அடுக்கு யாருக்கு?



2016 பிப்ரவரி 6, சனிக்கிழமை. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உள்ள ஆன்ஃபீல்ட் மைதானம். சண்டர்லேண்ட் அணிக்கு எதிராக லிவர்பூல் இரண்டு கோல் முன்னிலையில் இருக்கிறது. ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில், சொந்த அணி ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே, ஏறக்குறைய பத்தாயிரம் ரசிகர்கள் எழுந்து வாசலை நோக்கி நடந்தார்கள். மைதானத்தின் பிரதான ஸ்டாண்டுக்கு மேல் அப்போது புதிதாக ஓர் அடுக்கு எழும்பிக்கொண்டிருந்தது. அடுத்த சீசனில் அங்கே அதிகபட்ச டிக்கெட் விலை 77 பவுண்டு என்று கிளப் அறிவித்திருந்தது. அதுவரை இருந்த அதிகபட்ச விலை 59. அந்த 77 பவுண்டுக்குப் பதிலடியாகத்தான் இந்த 77ஆவது நிமிடம்.

அவர்கள் போன பிறகு சண்டர்லேண்ட் இரண்டு கோல் போட்டது. ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. நான்கு நாள் கழித்து உரிமையாளர்கள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, 77 பவுண்டுத் திட்டத்தைக் கைவிட்டு, 59 பவுண்டிலேயே விலையை நிறுத்தினார்கள்.

ஒரு கால்பந்து கிளப் தன் மைதானத்தைப் பெரிதாக்கலாமா, வேண்டாமா? இந்தக் கேள்வி வந்தாலே பேச்சு உடனே எத்தனை இருக்கை, எத்தனை கோடி என்று கணக்குக்குள் போய்விடுகிறது. கணக்கு முக்கியம்தான், அதையும் பார்ப்போம். ஆனால் ஆன்ஃபீல்டின் கதையைப் படித்துப் படித்து நான் வந்து சேர்ந்த இடம் வேறு. பெரிதாக்குவதால் வந்த கெடுதலைவிட, பெரிதாக்கப் போகிறோமா இல்லையா என்று சொல்லாமல் இழுத்தடித்ததால் வந்த கெடுதல்தான் அங்கே அதிகம். அந்தக் கெடுதலை அனுபவித்தவர்கள் டிக்கெட் வாங்கியவர்கள்கூட இல்லை. பக்கத்துத் தெருவில் குடியிருந்தவர்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆன்ஃபீல்டில் 1884இல் முதலில் ஆடியது எவர்ட்டன் அணி. வாடகைத் தகராறில் 1892இல் அவர்கள் வெளியேறி, ஸ்டான்லி பூங்காவுக்கு அந்தப் பக்கம் குடிசன் பார்க்கில் தங்களுக்கென்று மைதானம் கட்டிக்கொண்டார்கள். காலியான மைதானத்துக்காக நிலத்தின் சொந்தக்காரர் ஜான் ஹௌல்டிங் தொடங்கியதுதான் லிவர்பூல் கிளப். 1906இல் ஒரு முனையில் பெரிய மண்மேட்டை எழுப்பி, நின்று பார்க்கும் படிக்கட்டுகள் அமைத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் 1900 ஜனவரியில் போயர்களோடு போர் நடந்த ஸ்பியான் காப் என்ற குன்றின் பெயர் அதற்கு வந்தது. அந்தப் போரில் காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் சுமந்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் காந்தி இருந்தார். நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போன ஒப்பந்தக் கூலிகளும் இருந்தார்கள், அவர்களில் தமிழர்கள் பலர். லிவர்பூல் ரசிகர்கள் இன்றும் ‘காப்’ என்று சொல்லும் அந்த முனையின் பெயருக்குப் பின்னால் நம்மவர்களும் நின்ற ஒரு மலையடிவாரம் இருக்கிறது.

1952இல் வுல்வ்ஸ் அணியோடு நடந்த எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தை ஆன்ஃபீல்டில் பார்த்தவர்கள் 61,905 பேர். பெரும்பாலோர் நின்றுகொண்டே பார்த்தவர்கள். அப்படி நின்று பார்க்கும் காலம் 1989 ஏப்ரல் 15ஆம் தேதி ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் முடிவுக்கு வந்தது. கம்பிவேலிக்குள் நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் நீதிபதி டெய்லர் கொடுத்த அறிக்கை, பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. அதைப் பலர் வசதியாக மறந்துவிட்டார்கள். இருக்கை போடுவதற்காக விலையை ஏழைகளின் கைக்கு எட்டாமல் ஏற்ற வேண்டியதில்லை என்றார் டெய்லர். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் உட்கார 6 பவுண்டு, நிற்க 4 பவுண்டு என்று உதாரணமும் காட்டினார்.

1994 ஏப்ரல் 30ஆம் தேதி காப்பில் கடைசியாக நின்று பார்த்தார்கள். இருக்கைகள் வந்ததும் அந்த முனையில் கொள்ளளவு குறைந்தது; மைதானம் மொத்தமும் 45,000 சொச்சத்துக்குச் சுருங்கியது. சீசன் டிக்கெட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பல்லாயிரம் பேர் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அப்பா பெயர் கொடுத்து, மகனுக்கு மீசை முளைத்த பிறகும் முறை வராத பட்டியல் அது. ஆகவே மைதானம் பெரிதாக வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

எங்கே, எப்படி என்பதில்தான் சிக்கல். ஆன்ஃபீல்டைச் சுற்றிச் செங்கல் வீடுகள் நெருக்கி நிற்கின்றன. நம் ஊர் அக்ரகாரத்து வீடுகள் மாதிரி, ஒரு சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் அதன் ஈரம் பக்கத்து வீட்டுச் சுவரில் ஊறும். 1990களிலிருந்து கிளப், பிரதான ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள லோதேர் ரோடு பகுதியில் வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கியது. வாங்கியதை இடிக்கவில்லை, வாடகைக்கும் விடவில்லை. ஜன்னலுக்குத் தகரம் அடித்துப் பூட்டி வைத்தது. என்றைக்காவது ஸ்டாண்டைப் பெரிதாக்க நேர்ந்தால் இடம் வேண்டுமே என்பதுதான் எண்ணம்.

இதற்கிடையே திட்டம் மாறியது. பெரிதாக்குவதை விட்டு, ஸ்டான்லி பூங்காவில் புதிய மைதானமே கட்டுவோம் என்றது கிளப். 2007இல் ஹிக்ஸ், ஜில்லெட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கிளப்பை வாங்கி, அறுபது நாளில் மண்ணில் மண்வெட்டி இறங்கும் என்றார்கள். வரைபடங்கள் வந்தன. 2008இல் உலகமே கடன் நெருக்கடியில் விழுந்தது. பூங்காவில் ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை. 2010 அக்டோபரில் இப்போதைய உரிமையாளர்களான ஃபென்வே குழுமம் 30 கோடி பவுண்டுக்குக் கிளப்பை வாங்கியது. 2012 அக்டோபரில்தான், இடம் மாறப் போவதில்லை, இருக்கிற இடத்திலேயே பெரிதாக்குவோம் என்ற முடிவு வெளியானது.

அந்த இடைக்கால வருடங்களில் லோதேர் ரோட்டில் குடியிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் தகரம், அந்தப் பக்கம் தகரம். வீட்டை விற்கலாம் என்றால், இடிபடப் போகிற தெருவில் யார் வாங்குவார்கள்? கூரையைச் செப்பனிடலாம் என்றால், அடுத்த வருடம் இடித்துவிட்டால் போட்ட பணம் போச்சு. போகவும் முடியாது, இருந்து நல்லபடி வாழவும் முடியாது. அரசின் வீட்டுவசதித் திட்டங்களும் அந்த வட்டாரத்தில் அரைகுறையாக நின்றன. பழி முழுவதையும் கிளப் தலையில் போடுவது நியாயமாகாது. ஆனாலும் வீட்டை வாங்கிப் பூட்டியவருக்குத் தெரிந்தது, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாமா? எனக்கு இந்த விஷயத்தில் இன்றும் கோபம் வருகிறது. ஒரே வாரத்தில் ஒரு ஆட்டக்காரருக்குப் பல கோடி கொடுக்க முடிவெடுக்கும் கிளப்புகள், ஒரு தெருவுக்குப் பதில் சொல்ல இருபது வருடம் எடுத்துக்கொள்வது சரியில்லை.

கிளப்புக்கு இது முதல் அனுபவமும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் கெம்லின் ரோட்டில் வீடுகளை வாங்கி ஸ்டாண்டைப் பெரிதாக்க நினைத்தபோது, கடைசி வீட்டுக்காரர்கள் விற்க மறுத்து வருடக்கணக்கில் உறுதியாக நின்றார்கள். அந்த வீடு கைக்கு வந்த பிறகுதான் 1992இல் அங்கே ஸ்டாண்ட் திறந்தது.

சரி, முடிவெடுத்த பிறகு நடந்த வேலை பிரமாதமானது. பிரதான ஸ்டாண்டில் பழையதை இடிக்காமல், அதற்குப் பின்னாலும் மேலேயும் புதிய எஃகுச் சட்டகத்தை எழுப்பினார்கள். 2015-16 சீசன் முழுவதும் ரசிகர்கள் பழைய இருக்கையில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்க, அவர்கள் தலைக்குப் பின்னால் கட்டுமானம் வளர்ந்தது. கூரையைத் தாங்கும் உத்தரம் மட்டும் 140 மீட்டர் நீளம், 650 டன் எடை. கோடை விடுமுறையில் பழைய கூரையைக் கழற்றிவிட்டு இரண்டையும் இணைத்தார்கள். 2016 செப்டம்பரில் லெஸ்டர் அணியோடு முதல் ஆட்டம். கூடுதலாக 8,500 இருக்கைகள், செலவு சுமார் 11 கோடி பவுண்டு.

அடுத்தது ஆன்ஃபீல்ட் ரோடு முனை. சாலையையே வளைத்து ஸ்டாண்டைச் சுற்றிக் கொண்டுபோய், 7,000 இருக்கைகளை 8 கோடி பவுண்டில் கட்டத் திட்டமிட்டார்கள். 2021இல் தொடங்கினார்கள். 2023இல் கட்டுமான நிறுவனம் திவாலாகி, மேலடுக்கு பூட்டியபடியே சீசன் ஆரம்பித்தது. டிசம்பரில் ஒரு பகுதி திறந்தது. 2024 பிப்ரவரியில் பர்ன்லியோடு நடந்த ஆட்டத்துக்கு 59,896 பேர் வந்தார்கள். இப்போது கொள்ளளவு 61,276. 1952இன் கூட்டத்தைவிட இது இன்னும் 629 குறைவு!

இப்போது கணக்குக்கு வருவோம். ஆன்ஃபீல்டில் சேர்த்த இருக்கை ஒன்றுக்கு ஆன செலவு, முதல் கட்டத்தில் ஏறக்குறைய 13,000 பவுண்டு. இரண்டாவது கட்டத் திட்டச் செலவின்படி 11,500க்கும் கீழே. பூங்காவுக்கு அந்தப் பக்கம் எவர்ட்டன் எடுத்த வழி வேறு. 133 வருடம் ஆடிய குடிசன் பார்க்கை விட்டு, 2025இல் மெர்சி ஆற்றங்கரையில் பிராம்லி-மூர் கப்பல்துறையில் 52,769 இருக்கைகளோடு புது மைதானத்துக்குப் போனார்கள். செலவு 75 கோடி பவுண்டுக்கும் மேல். குடிசனில் ஏற்கெனவே 39,000 சொச்சம் இருக்கைகள் இருந்தன. அப்படியானால் உண்மையில் கூடியது சுமார் 13,300. கூடிய இருக்கை ஒன்றுக்கு 55,000 பவுண்டுக்கும் மேல் ஆகிறது. தூண்கள் மறைக்காத பார்வையும் நவீன வசதியும் கிடைத்தன, மறுக்கவில்லை. ஆற்றங்கரையில் அடுத்தடுத்து எழுந்த கட்டடங்களையும் இந்த மைதானத் திட்டத்தையும் சுட்டிக்காட்டித்தான் யுனெஸ்கோ 2021இல் லிவர்பூல் துறைமுகப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியது. இருக்கிற இடத்திலேயே வளர முடிந்தால் அதுவே மேல் என்று நான் நினைப்பதற்கு இந்த இரண்டும் காரணம்.

வருமானம்? 2023-24இல் லிவர்பூலின் மொத்த வருமானம் 61.4 கோடி பவுண்டு. அதில் ஆட்ட நாள் வசூல் 10.2 கோடி, ஆறில் ஒரு பங்கு. தொலைக்காட்சி உரிமை 20.4 கோடி, அதற்கு இரண்டு மடங்கு. நள்ளிரவில் இங்கே நாம் விழித்திருந்து பார்ப்பதால் வரும் பணமும் அதில் சேர்த்தி. நாம் ஏன் பார்க்கிறோம்? ஆட்டத்துக்காக மட்டுமா? காப்பில் எழும் பாட்டும் கூச்சலும் இல்லாமல் காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆடிய கொரோனாக் காலத்து ஆட்டங்களை நாம் பார்த்தோமே! அந்தச் சத்தத்தைப் போடுகிறவர் 59 பவுண்டும் கொடுக்க முடியாதவராக இருக்கலாம். அவரை வெளியே அனுப்பிவிட்டு, சாப்பாட்டோடு டிக்கெட் வாங்கும் விருந்தினரை உள்ளே உட்கார வைத்தால், கிளப் விற்கிற சரக்கே கெட்டுப்போகும்.

ஆன்ஃபீல்ட் ரோடு முனையின் 7,000 இருக்கைகளில் சுமார் 5,200 பொது டிக்கெட்டுக்கு என்று ஒதுக்கியதை நான் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன். 2016இல் எழுந்து போன அந்தப் பத்தாயிரம் பேர் இல்லாவிட்டால் அந்த விகிதம் இப்படி இருந்திருக்குமா என்பது சந்தேகம். எதிர்ப்பு ஓயவும் இல்லை. 2024 ஏப்ரலில் இரண்டு சதவீத விலை உயர்வைக் கண்டித்து, அடலாண்டா அணியோடு நடந்த ஆட்டத்தில் காப்பின் கொடிகளை ரசிகர்கள் உயர்த்தவே இல்லை.

தெருப்பக்கமும் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. மைதானத்துக்கு எதிரே மூடிக்கிடந்த ஒரு பழைய ரொட்டிக்கடையை அந்த வட்டாரத்து மக்களே கூட்டுறவாகச் சேர்ந்து மறுபடியும் திறந்தார்கள். ஹோம்பேக்ட் என்று பெயர். ஆட்ட நாளில் அங்கே பை (pie) எனும் பண்டம் வாங்க வரிசை நிற்கிறது. மைதானத்துக்கு வரும் கூட்டத்தின் காசில் கொஞ்சம் அந்தத் தெருவிலேயே தங்குகிறது. கிளப் கட்டியதல்ல அது. ஆள் போய்விடாமல் அங்கேயே நின்றவர்கள் கட்டியது. அதே ஆன்ஃபீல்டில் இப்போது வருடத்துக்குச் சில பெரிய கச்சேரிகளும் நடக்கின்றன. 2024 ஜூனில் டெய்லர் ஸ்விஃப்ட் மூன்று நாள் பாடினார். குடியிருப்பவர்களுக்கு அதுவும் சேர்ந்த நெரிசல்தான்.

இப்போது இதே கேள்வி ஐம்பது கிலோமீட்டர் தள்ளி மான்செஸ்டரில் நிற்கிறது. 74,000 பேர் அமரும் ஓல்ட் டிராஃபோர்டுக்குப் பக்கத்திலேயே ஒரு லட்சம் இருக்கைகளோடு புதிய மைதானம் கட்டப்போவதாக மான்செஸ்டர் யுனைடெட் 2025 மார்ச்சில் அறிவித்தது. மதிப்பீடு 200 கோடி பவுண்டு. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அதே கிளப், சீசனின் நடுவில், சிறுவர், முதியோர் சலுகையை எடுத்துவிட்டு உறுப்பினர் டிக்கெட் எல்லாவற்றுக்கும் 66 பவுண்டு என்று விலை வைத்தது. புதிய மைதானத்தின் படத்தை உலகம் முழுக்கக் காட்டிவிட்டார்கள். கூடப்போகும் 26,000 இருக்கைகளில் எத்தனையைப் பழைய விலைக்குக் கொடுப்பார்கள், எந்தத் தெருவுக்கு எந்தத் தேதியில் பதில் சொல்வார்கள் என்பதையும் அதே படத்தோடு எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். கட்டுமானம் தொடங்குவதற்கு முன்பாவது அங்குள்ள ரசிகர் சங்கங்களும் குடியிருப்போரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.