பெயர் ஏறாத வலிமை

1936 ஆகஸ்டில் பெர்லின் ஒலிம்பிக்கில் எகிப்தின் காதர் எல் தூனி நடுத்தர எடைப்பிரிவில் மொத்தம் 387.5 கிலோ தூக்கினார். அதற்கு மேலான பிரிவில் தங்கம் வென்ற பிரான்சின் லூயி ஹோஸ்தின் தூக்கியது 372.5 கிலோ. சிறிய உடம்புக்காரர் பெரியவரை 15 கிலோ விஞ்சினார் என்று இன்றும் நம்மால் அடித்துச் சொல்ல முடிகிறது. போரால் இரண்டு ஒலிம்பிக்குகள் நடக்காமல் போன பிறகும் அவர் 1946, 1949, 1950 ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றதும் நமக்குத் தெரிகிறது. 1924 பாரிஸில் ஒற்றைக் கையால் தூக்குவதும் கணக்கில் இருந்தது. 1928 முதல் இரு கைகளாலும் தூக்கும் மூன்று முறைகளே நிலைத்தன. விதியும் தட்டும் நடுவரும் ஏடும் ஒன்றுசேர்ந்த அந்தக் காலம்தான் எல் தூனியைச் சாம்பியனாக நம்மிடம் சேர்த்தது. இந்தியாவிலும் அப்படியே: 1935இல் பளுதூக்கும் சம்மேளனம் அமைந்தது, மறு ஆண்டே பெர்லினில் இந்தியாவின் பெயரால் பர்மியரான சா வெய்க் களமிறங்கினார். பதிவு இருந்த இடத்தில் வீரர் இருக்கிறார் என்பதே என் வாதம்.

அதே ஆண்டுகளில் நீலகிரியில் வலிமை இல்லையா? ஊட்டியை அடுத்த முத்தநாடு மந்தில் (மந்து என்பது தோடர் குடியிருப்பு), தோடர்கள் ஆண்டுதோறும் கூடும் பண்டிகையில், வழிபாடு முடிந்ததும் இளைஞர்கள் உருண்டைக் கல்லைத் தோளுக்கு ஏற்றுகிறார்கள். பிடிக்க ஒரு விளிம்பும் இல்லாத கல். குந்தி அணைத்து, தொடைமேல் உருட்டி, மூச்சடக்கி மார்பில் ஏற்றி, அங்கிருந்து தோளுக்குத் தள்ள வேண்டும். தென் மாவட்டங்களின் இளவட்டக்கல்லுக்கு இது உறவு. தோடர்களைப் பற்றி 1906இல் பெரிய நூல் எழுதிய ரிவர்ஸ், அவர்களுடைய பார்வை, கேள்வி முதலான புலன்களைக்கூடச் சோதித்து 1905இல் தனிக் கட்டுரை வெளியிட்டார். அளவுகோல் மலைக்கு வந்துவிட்டது. ஆனால் கல்லைத் தோளேற்றியவர்களின் பெயர்வரிசை எல் தூனியின் பட்டியலைப் போல நம் கைக்கு வரவில்லை. இது எனக்குப் பெரும் இழப்பாகவே படுகிறது.

தோளுக்கு ஏற்றும் கல்லையும் தலைக்கு மேல் போகும் இரும்பையும் ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். ஒப்பிட வேண்டாம். எல் தூனி காலத்து மூன்று முறைகளில் ஒன்றான 'பிரஸ்', முதுகை எவ்வளவு வளைக்கலாம் என்பதில் நடுவர்கள் ஒத்துப்போகாததால் 1972க்குப் பின் நீக்கப்பட்டது. விதி எங்கும் மனிதர் வகுத்ததே. முத்தநாட்டு விதியும் அத்தகையதுதான். கனமான மறுப்பு வேறொன்று: வழிபாட்டோடு சேர்ந்ததை ஏட்டில் ஏற்றினால் அது வேடிக்கையாகிவிடாதா? வெளியார் போய் எழுதினால் ஆகும். மந்தின் பெரியவர்களே, தம் விருப்பப்படி, தம் நினைவில் உள்ள பெயர்களைத் தொகுத்துத் தம்மிடமே வைத்துக்கொண்டால் ஆகாது. அதற்கான செலவை அறக்கட்டளைகள் ஏற்கலாம். ஏடு மந்தில் இருக்கட்டும்.