ஆற்றோரம் வேனும் அடைமழையும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "அப்பா, வேனை எடுங்கள். ஆற்றங்கரையில் இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம்" என்பார்கள். படுக்கையும் அடுப்பும் வைத்த வேனில் போய்த் தங்கும் பழக்கம் இப்போது நம்மிடையேயும் பரவி வருகிறது. நல்ல பொழுதுபோக்குத்தான். ஆனால் மின்சாரமும் அக்கம்பக்கமும் இல்லாத இடத்தில், நடுச்சாமத்தில் பேய்மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

2022 டிசம்பர் 16-ஆம் நாளை நாம் மறக்கமுடியாது. அன்று பின்னிரவு, சிலாங்கூர் பத்தாங் காலியில் மலைச்சரிவின் கீழே கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மண் சரிந்தது. 31 பேர் மாண்டனர். அவர்களில் குழந்தைகளும் உண்டு. பல நாட்கள் பெய்த மழை மண்ணுக்குள் ஊறியிருந்தது. ஆகவே, தங்கும் இரவில் மழை இல்லையே என்று நிம்மதி கொள்ளக்கூடாது. முந்திய வாரம் எப்படிப் பெய்தது என்றும் கேட்கவேண்டும்.

ஆகவே முதல் பாடம் இடம் பார்ப்பது. வெட்டிய மேட்டின் அடியில் வேனை நிறுத்தாதீர்கள். மரத்தடியும் வேண்டாம். பலத்த காற்றில் ரப்பர் மரக் கிளை எப்படி முறியும் என்பதைத் தோட்டத்து மக்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? மேற்குக் கரையில் சுமத்ரா காற்று பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் வீசும். படுக்கப் போகுமுன்பே வெளியே கட்டிய படுதாவை மடித்து வையுங்கள்.

இரண்டாவது, ஆறு. உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கலாம். மேலே மலையில் மழை கொட்டலாம். மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லும் திடீர் வெள்ளம் அப்படித்தான் வருகிறது. தெளிந்த நீர் கலங்குகிறதா? சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றனவா? மேலே இரைச்சல் கேட்கிறதா? சாமான்களை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மேட்டுக்கு ஏறுங்கள். பாத்திரம் பின்னால் வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது, இடி மின்னல். இரும்புக் கூரையும் இரும்புச் சுவரும் உள்ள வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. காப்பது ரப்பர் டயர் அல்ல. மின்சாரத்தை வெளிப்புறமாகவே தரைக்குக் கடத்திவிடும் இரும்பு உடல்தான். துணிக் கூடாரத்துக்கு அந்தப் பலம் கிடையாது. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள்.

நான்காவது ஆபத்து, நாமே வரவழைத்துக் கொள்வது. மழைக்குப் பயந்து கதவு, கண்ணாடி எல்லாம் அடைத்துவிட்டு, குளிர்சாதனத்துக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவார்கள். சிலர் உள்ளேயே அடுப்பு மூட்டுவார்கள். இதனால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு சேரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, மயக்கம், பிறகு விழிக்காத தூக்கம். எஞ்சினை அணைத்துவிட்டுப் படுங்கள். சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, வழி. ஓடும் வெள்ளம் 60 சென்டிமீட்டர் உயர்ந்தால் பெரிய வண்டியையும் அடித்துக்கொண்டு போகும். நீர் ஓடும் சாலையில் வேனை இறக்காதீர்கள். மேடான இடத்தில் காத்திருப்பதே புத்தி.

புறப்படுமுன் வானிலைத் துறையின் எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் மோசம். சிவப்பு என்றால் ஆபத்து. எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சொல்லிவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு 999 உண்டு. ஆனால் காட்டுக்குள் கைப்பேசிக்கு அலை கிடைக்காமல் போகலாம். அப்போது உங்களைத் தேடி வருவதற்கு, நீங்கள் போன இடம் தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! வானம் சரியில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பிள்ளைகள் ஒருநாள் முகம் சுளிப்பார்கள். சுளித்தால் என்ன? அடுத்த விடுமுறைக்கும் அந்த ஆறு அங்கேதான் இருக்கும். நம் பிள்ளைகளும் இருக்கவேண்டும்.