வெந்நீரின் விலை



டோம்பிவிலியில் விடியற்காலை நாலரை மணிக்கே குளியலறை விளக்குகள் எரியத் தொடங்கிவிடுகின்றன. சத்திரபதி சிவாஜி மகராஜ் முனையம் இங்கிருந்து ஏறத்தாழ 48 கிலோமீட்டர். விரைவு லோக்கலில் காலூன்ற ஓரிடம் வேண்டுமானால் ஊர் விழிக்குமுன் நாம் விழித்தாக வேண்டும். மாதுங்காவிலும் செம்பூரிலும் வாடகைக்குக் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல, சொந்த வீடு ஒன்று வேண்டும் என்ற ஆவலால் இவ்வூரை நாடி வந்தன. வீடு கிடைத்தது, அதனுடன் விடியற்காலைக் குளியலும் வந்து சேர்ந்தது.

ஊரிலே நம் வீடுகளில் செப்புப் பாய்லர் ஒன்று இருந்ததைப் பலரும் நினைவு கூர்வீர்கள். நடுக்குழாயில் கரியிட்டு மூட்டுவார்கள். முதலில் குளித்தவர் மறவாமல் ஒரு வாளி தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு வருவார். எத்தனை பேர் குளிக்க வேண்டும், எவ்வளவு கரி செலவாகும் என்பது வீட்டிலுள்ள பெண்களுக்கு மனக்கணக்கு. இன்று சுவரில் தொங்கும் கீசரின் விசையை அழுத்திவிடுகிறோம். கரி கண்ணுக்குத் தெரிந்தது, மின்சாரம் தெரிவதில்லை. ஆகவே அந்த மனக்கணக்கும் நம்மை விட்டுப் போய்விட்டது. அதனை மீட்டுக்கொள்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

கணக்கு எளிதானது. 25 லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை 35 டிகிரி உயர்த்த ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் வேண்டும். குழாய்த் தண்ணீர் 25 டிகிரியில் இருக்கிறது என்றும், குளிப்பதற்கு 40 டிகிரி போதும் என்றும் கொள்வோம். 15 லிட்டர் கொள்ளும் ஒரு வாளிக்குக் கால் யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். தில்லியில் தை மாதத்துத் தண்ணீர் 12 டிகிரியாக இருக்குமானால், அதே வாளிக்கு ஏறத்தாழ அரை யூனிட். இந்தக் கணக்கு எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானது. மின்கம்பியைச் சூடாக்கித் தண்ணீரைக் காய்ச்சுவதில் விலையுயர்ந்த கீசரும் வாளியில் போடும் கம்பியும் ஒன்றுதான். ஆனால் வாளிக் கம்பி உயிருக்கு ஆபத்தானது. அதனை நாம் பரிந்துரைக்கவில்லை.

அவ்வாறாயின் ஒரு கீசருக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடுதான் என்ன? சில ஆண்டுகளுக்கு முன், மொழிபெயர்ப்பாளர்களாகிய எங்கள் மேசைக்கு, மின் சிக்கனம் பற்றிய ஒரு துண்டறிக்கை வந்தது. அதில் 'ஸ்டாண்டிங் லாஸ்' என்றொரு தொடர். நாங்கள் அனைவரும் கலைப் பட்டதாரிகள். இயந்திர நூல் பயின்றவர்கள் அல்லர். 'நிலை இழப்பு' என்று எழுதினோம், பொருள் விளங்கவில்லை. பொறியாளர் ஒருவரைக் கேட்டோம். "ஒருவரும் குளிக்காதபோதும் வெந்நீர் தன் சூட்டை இழந்துகொண்டே இருக்கிறதே, அதுதான்," என்றார். 'சும்மா இருக்கையில் ஆகும் இழப்பு' என்று திருத்தினோம். திருத்தி முடித்தபோது எங்கள் வீட்டுக் கீசர் எங்கள் நினைவுக்கு வந்தது.

எமது இல்லத்தில் அறுவர். முதலில் குளிப்பவர் நாலரை மணிக்கு விசையை அழுத்துவார். கடைசியாகக் குளிக்கும் அப்பாவோ ஒன்பது மணிக்கு அணைப்பார். இடையிலே நெடுநேரம் வெந்நீர் காத்துக்கிடக்கும். சூடு சுவர் வழியே கசியும். சற்றே ஆறியதும் கீசர் தானே மீண்டும் மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும். குளித்ததற்கு மட்டுமன்றிக் காத்திருந்ததற்கும் நாங்கள் பணம் கட்டி வந்தோம்.

2001-ஆம் ஆண்டின் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2002-இல் அமைக்கப்பட்ட எரிசக்தித் திறன் செயலகம், கீசர்களுக்கு வழங்கும் நட்சத்திரக் குறி இவ்விழப்பையே அளக்கிறது. கலத்தைச் சுற்றியுள்ள வெப்பக்காப்பு நல்லதாயின் இழப்புக் குறையும், நட்சத்திரங்கள் கூடும். குறிச்சீட்டில் 24 மணி நேரத்து இழப்பு எத்தனை யூனிட் என்ற எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். கடையில் நிறத்தையும் வடிவையும் பார்ப்பதற்கு முன் அந்த எண்ணைப் பாருங்கள். ஒரு கீசரில் அரை யூனிட், மற்றொன்றில் கால் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். நாள் முழுதும் இணைப்பிலேயே விட்டிருப்பவருக்கு ஆண்டொன்றுக்கு 91 யூனிட் மிச்சம். யூனிட் பத்து ரூபாய் என்று கணக்கிட்டால் 910 ரூபாய். கீசரோ பல ஆண்டுகள் உழைப்பது. கடையில் மிச்சம் பிடித்த தொகையை மின் கட்டணத்தில் தவணை தவணையாகத் திருப்பிக் கொடுத்தவர்களுள் நாங்களும் சிலர்.

ஆனால் ஒன்றை மறைத்தல் ஆகாது. கால் மணி நேரம் மட்டும் விசையை அழுத்தி, உடனே குளித்து, உடனே அணைப்பவருக்கு நட்சத்திரத்தால் வரும் நன்மை குறைவு. அத்தகையோர் கருத வேண்டியது கலத்தின் அளவு. இருவர் வாழும் வீட்டிற்கு 25 லிட்டர் கலம் எதற்கு? பயன்படாமல் எஞ்சும் வெந்நீர் முழுதும் வீணே. உடனடியாகச் சுடவைக்கும் 3 கிலோவாட் சிறு கீசர், மேற்சொன்ன வாளியை ஐந்து நிமிடத்திற்குச் சற்று மேல் நிரப்பித் தரும். சும்மா இருக்கையில் அதற்கு இழப்பு ஏறக்குறைய இல்லை. நம் ஊர்வழக்கப்படி வாளியில் பிடித்துக் குளிப்பவருக்கு அது பெரிதும் ஏற்றது. ஒருவர்பின் ஒருவராகப் பலர் குளிக்கும் வீட்டிற்கோ, நல்ல வெப்பக்காப்புள்ள, நட்சத்திரம் மிகுந்த கலமே தகும்.

இனிச் சூரியனைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிய கட்டடங்களில் சூரிய வெந்நீர் அமைப்பு இருத்தல் வேண்டும் என்று இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே வற்புறுத்திய நகரங்களுள் எங்கள் கல்யாண்-டோம்பிவிலியும் ஒன்று. பெங்களூரில் வாழும் நேயர்கள் இதனை நன்கு அறிவார்கள். எங்கள் கட்டடத்து மொட்டைமாடியிலும் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக இருந்தன. இருந்தன என்கிறோம்; இயங்கவில்லை. குழாய்கள் சில உடைந்தன. வால்வு ஒன்று பழுதாயிற்று. பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்று முடிவாகாமலேயே மூன்று ஆண்டுகள் கழிந்தன. அதற்குள் ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே கீசர் வாங்கிவிட்டார்கள்.

சொசைட்டிக் கூட்டத்தில் பேச்சு எழுந்தபோது, கீழ்த்தளத்தார் சொன்ன குறை நியாயமானது. மாடியிலிருந்து வெந்நீர் இறங்கி வருமுன் இரண்டு வாளி பச்சைத் தண்ணீர் வீணாகப் போகிறது; மேல்தளத்தாருக்கு உடனே கிடைப்பதற்காக நாங்கள் ஏன் பணம் தரவேண்டும் என்றார்கள். அனைத்தையும் கழற்றி விற்றுவிடலாம் என்று ஒருவர் கூறக் கூட்டம் கலைந்தது. வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா, "அடுப்பு அணைந்தால் ஊதுவோமா, அடுப்பையே தூக்கி எறிவோமா?" என்று கேட்டார். அடுத்த கூட்டத்தில் அதனை மராத்தியில் பெயர்த்துச் சொன்னோம். சிரிப்பு எழுந்தது, அதன்பின் வேலையும் நடந்தது. உடைந்த குழாய்கள் மாற்றப்பட்டன. இறங்கு குழாய்களுக்கு வெப்பக்காப்பு உறை சுற்றப்பட்டது. முதலில் வரும் தண்ணீரை வாளியில் பிடித்துத் துணி துவைக்க வைத்துக்கொள்வது என்று கீழ்த்தளத்தாரும் இசைந்தார்கள். பராமரிப்புக்கென ஒரு தொகை மாதந்தோறும் ஒதுக்கப்படுகிறது.

ஆனி தொடங்கிப் புரட்டாசி வரை இங்கு மேகம் கவிந்திருக்கும். அந்நாட்களில் சூரியனை முழுதும் நம்ப இயலாது. ஆதலால் பழைய பெரிய கீசர் கெட்டபோது, எமது இல்லத்தார் மழைக்காலத்திற்கென்று அதனினும் சிறியதாக, நட்சத்திரம் மிகுந்த ஒன்றை வாங்கினோம். தனி வீடோ, ஆட்கள் மிகுந்த இல்லமோ உடையவர்கள் வெப்ப விசைக் கருவியையும் எண்ணிப் பார்க்கலாம். அது குளிர்சாதனப் பெட்டியின் வேலையைத் தலைகீழாகச் செய்வது. காற்றிலுள்ள வெப்பத்தை இறைத்துத் தண்ணீருக்குத் தருவது. ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைக்கிறது. விலை அதிகம், இடமும் வேண்டும்.

எதை வாங்கினாலும் சில கடமைகள் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருத்தல் வேண்டும். நில இணைப்புச் சரியாக உள்ளதா என்று மின் பணியாளரைக் கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். கலத்தின் பாதுகாப்பு வால்வை அடைத்துவிடலாகாது. காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் எரிவாயுக் கீசரை ஒருபோதும் பொருத்தாதீர்கள். அதிலிருந்து எழக்கூடிய கார்பன் மோனாக்சைடு மணமின்றி, நிறமின்றி உயிரைக் கவர்வது. அதில் எந்தச் சிக்கனமும் இல்லை.

நரக சதுர்த்தசியன்று சூரியோதயத்திற்கு முன் எண்ணெய் தேய்த்து நீராடுவது நமக்கும் மராட்டியருக்கும் பொதுவான வழக்கம். சென்ற தீபாவளியன்று எங்கள் கட்டடத்தில் எல்லாத் தளங்களிலும் ஒரே வேளையில் விளக்கெரிந்தது. முந்தைய பகலின் வெயில், மாடித் தொட்டியில் வெந்நீராகக் காத்திருந்தது. அதற்கு மின் கட்டணம் இல்லை. கீழ்த்தளத்துப் பெரியவரும் வாளியைப் பிடித்துவைத்துக்கொண்டு முறையாகக் குளித்தார் என்று கேள்விப்பட்டோம்.

நேயர்களே, அடுத்த முறை கீசர் வாங்கப் புறப்படுமுன் வீட்டாருடன் அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை வாளி வேண்டும்? எத்தனை நேரம் அது காத்திருக்கும்? மொட்டைமாடியில் வெயில் இருக்கிறதா? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் கடைக்குச் செல்லுங்கள். பாய்லருக்குக் கரி அளந்து போட்ட நம் பாட்டிமார் செய்ததும் இதுவேயாகும்.