பிடுங்க ஒரு கல், குத்த ஓர் இயந்திரம்



2018-ஆம் ஆண்டு கோடையில் தருமபுரி மாவட்டத்தின் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டங்களின் கொல்லைகளில் முட்டுக்கற்கள் முளைத்தன. சென்னையிலிருந்து சேலத்துக்கு எட்டுவழிச் சாலை போட அளவெடுத்தார்கள். நீளம் 277 கிலோமீட்டர். செலவு பத்தாயிரம் கோடி ரூபாய். காஞ்சிபுரம் தொடங்கி திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் வரை ஐந்து மாவட்டங்கள். அளவெடுக்க வந்தவர்களோடு போலீசும் வந்தது. நட்ட கல்லைச் சில ஊர்களில் சனங்கள் பிடுங்கிப் போட்டார்கள்.

அந்தக் கொல்லைகளில் நின்று கத்தியவர்கள் என்ன சொன்னார்கள்? கிணறு போகுது, வீடு போகுது, பெத்த பிள்ளை மாதிரி வளர்த்த தென்னை போகுது. புவி வெப்பமாதல் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. மலை, காடு, ஓடை, நிலத்தடி நீர் என்ற பேச்செல்லாம் அதற்கடுத்த மாதங்களில், ஆர்வலர்களும் வக்கீல்களும் வந்து சேர்ந்த பிறகு வலுத்தது. ஆனால் வழக்கு நின்றது அந்தப் பேச்சின் மேல்தான். 2019 ஏப்ரல் 8-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராய்ந்து அனுமதி வாங்காமல் நிலத்தில் கை வைத்தது தவறு என்றது. உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 8-ஆம் தேதி வேறு விதமாகச் சொன்னது. நில எடுப்பு அறிவிப்பு வெளியிட அந்த அனுமதி முன்கூட்டியே தேவையில்லை. ஆனால் வருவாய்த் துறைப் பதிவேடுகளில் மாற்றிய பெயர்களைப் பழையபடி திருத்திக் கொடுக்க வேண்டும். ஆக, இரு தரப்புக்கும் கொஞ்சம் வெற்றி, கொஞ்சம் தோல்வி. சாலை இன்னும் வரவில்லை.

‘தன் நிலம் போகிறது என்றதும் கூச்சல் போட்டார்கள், இதற்கு இயக்கம் என்று பெயரா?’ என்று அந்த நாளில் பலர் கேட்டார்கள். இந்தக் கேள்வி எனக்கு எரிச்சல் தருவது. சொந்த வயிற்றிலிருந்து தொடங்காத சூழல் இயக்கம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

சிப்கோ இயக்கத்தையே எடுத்துக்கொள்வோம். மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்கும் பெண்களின் படம் எல்லோருக்கும் தெரியும். அதன் முதல் சண்டை எதற்காக? 1973-இல், இன்றைய உத்தரகண்டின் சமோலிப் பகுதியில், ஏர் முதலான உழவுக் கருவி செய்யச் சில மரங்கள் கேட்டது ஊர்க்காரர்களின் சங்கம். வனத்துறை தர மறுத்தது. அதே சாதி மரங்களை வெளியூரிலிருந்து வந்த விளையாட்டுச் சாமான் கம்பெனிக்கு ஒதுக்கியது. ஏர் செய்யக் கிடைக்காத மரம் பந்து மட்டை செய்யக் கிடைக்குமா என்ற கோபம்தான் விதை. ஆண்டு திரும்பி 1974 மார்ச்சில், ரேணி கிராமத்து ஆண்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து மரம் வெட்ட ஆள் வந்தபோது, கௌரா தேவியும் மற்றப் பெண்களும் காட்டுக்குள் போய் மறித்தார்கள். மரம் போனால் மலை சரியும், வெள்ளம் வரும் என்பது அவர்களுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்த விஷயம் அல்ல. 1970-இன் அலக்நந்தா வெள்ளத்தைப் பார்த்தவர்கள். 1980-இல் அந்த இமயமலைப் பகுதியில் பதினைந்து ஆண்டுகளுக்குப் பச்சை மரம் வெட்டத் தடை வந்தது. ஏர்மரத்தில் தொடங்கிய சண்டைதான் அந்தத் தடை வரை போனது.

எல்லாத் தீங்கும் இப்படி இயக்கமாகிவிடுவதில்லை. நம் மாவட்டத்திலேயே ஒரு சாட்சி உண்டு. தருமபுரியின் பல ஊர்களில் பல் காவியேறியவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாறைக்குள் இருக்கும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது; ஆழ்துளைக் கிணறு நம்பிப் பிழைத்த ஊர்களில் பல்லோடு எலும்பையும் பிடித்தது. ஆனால் யாரைப் பார்த்து முழக்கமிடுவது? பிடுங்கிப் போட ஒரு கல் கூட அங்கே இல்லை. நோய் வர வருடக்கணக்காகிறது. அதற்குள் அது ஊர்ப் பழக்கம்போல ஆகிவிடுகிறது. கடைசியில் தீர்வு வந்தது கட்சிகளின் கோரிக்கை வழியாக, ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமாக. ஜப்பான் கடனுதவியோடு, 1,928 கோடி ரூபாயில் திட்டமிடப்பட்டு, நடுவே கர்நாடகத்தோடு சச்சரவும் கண்டு, 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனாலும் நிலத்தடி நீரை எவ்வளவு ஆழத்துக்குத் துரத்துவது என்ற கேள்வி கேட்கப்படாமலே போயிற்று.

கண்ணுக்குத் தெரியாத தீங்கைக் கேள்வியாக்கிய ஓர் இடமும் இதே மாவட்டத்தில் இருக்கிறது. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் கிடக்கும் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர், லம்பாடிகளும் இருக்கிறார்கள். 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதி அங்கே வந்தார்கள். ஊர்க்காரர்களே கட்டிக்கொடுத்த கூரைக்குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கியது. அதுவரை ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் அரூருக்குப் போக வேண்டியிருந்தது. அது நாற்பது கிலோமீட்டருக்கு மேல். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேல் ஒரு வயதுக்குள் இறந்துபோன காலம் அது. உள்ளூர்ப் பெண்களையே பயிற்றிச் சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். சாவு குறைந்தது.

இங்கேதான் எனக்குப் பிடித்த திருப்பம் வருகிறது. குழந்தைகள் பிழைக்கத் தொடங்கிய பள்ளத்தாக்கில் பெரியவர்களுக்குச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் வரத் தொடங்கின. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். சாமையும் ராகியும் விளைந்த கொல்லையில் கரும்பு, பருத்தி போன்ற பணப்பயிர்கள். அவற்றுக்கு உரமும் பூச்சிமருந்தும் கடனில் வாங்க வேண்டும். மழை ஏமாற்றினால் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ கூலிக்குப் போக வேண்டும். வீட்டுச் சட்டியில் ரேஷன் அரிசி. ஆக, நோய்க்குக் காரணம் நிலத்தில் கிடந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பத்து வயதானபோது ஊர் ஊராக நடந்துபோய்ப் பேசினார்கள். கேட்டவர்கள் உடனே மாறிவிடவில்லை, எப்படி மாறுவார்கள்? உரத்தை நிறுத்திய முதல் வருடங்களில் மகசூல் இறங்கும் என்பது எந்த விவசாயிக்கும் தெரியும். அந்த இறக்கத்தைத் தாங்க வீட்டில் கையிருப்பு வேண்டும். 2004-ஐ ஒட்டி விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் முதலில் துணிந்தார்கள். இலை தழைக் கரைசலும் சாணமும் கோமியமும் அவர்கள் தாத்தாக்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் தெரிந்ததைத் திரும்பச் செய்வதற்கும் பக்கத்துக் கொல்லைக்காரர் ஒருவர் கூட வேண்டியிருக்கிறது. பின்னர் அது சிட்டிலிங்கி இயற்கை விவசாயிகள் சங்கமாகி, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சேர்ந்த நிறுவனமாக வளர்ந்தது. லம்பாடிப் பெண்கள் தங்கள் மறந்துபோன தையல் வேலையை மீட்டு, ‘பொர்கை’ என்ற பெயரில் துணி விற்கத் தொடங்கியதும் இதன் கிளைதான்.

ஆர்ப்பாட்டம் இல்லை, நீதிமன்றம் இல்லை என்பதால் இதை இயக்கம் என்று பலர் சொல்லமாட்டார்கள். என் கணக்கில் இதுதான் கடினமான வகை. கல்லைப் பிடுங்க ஒரு நாள் ஆவேசம் போதும். சாமையைத் திரும்பக் கொண்டுவர என்ன வேண்டும் தெரியுமா? உமி நீக்கும் இயந்திரம் வேண்டும். சாமை, தினை வீட்டைவிட்டுப் போனதற்கு ரேஷன் அரிசியை மட்டும் குற்றம் சொல்வது ஆண்களின் வழக்கம். உலக்கை பிடித்த பெண்களைக் கேட்டால் வேறு பதில் வரும். நாளெல்லாம் கொல்லையில் வேலை செய்துவிட்டு வந்து, உரலில் சாமை குத்தி, புடைத்து, கல் பொறுக்கி, பிறகு உலை வைக்க வேண்டும். வெந்துகொண்டே இருக்கிற அரிசிச் சோற்றை விட்டுவிட்டு அதற்குப் போ என்று யார் சொல்வது? சங்கம் தானியத்தைச் சுத்தம் செய்து, உமி நீக்கி, மாவாக்கி விற்கும் ஏற்பாட்டைச் செய்த பிறகுதான் சிறுதானியத்துக்கு வழி பிறந்தது. எடைபோடுவது, தரம் பிரிப்பது, ஈரம் பார்ப்பது, பட்டுவாடா செய்வது என்று இயக்கம் அன்றாடக் கணக்கு வேலையாக மாறியிருக்கிறது.

இப்போது புதிதாக ஒரு சங்கடம். சாமையும் தினையும் பட்டணத்துக் கடைகளில் நல்ல அரிசியைவிட அதிக விலைக்குப் போகின்றன. விளைவித்தவர் மூட்டையை விற்றுவிட்டு, அதில் ஒரு பங்கில் அரிசி வாங்கிச் சாப்பிடுவதுதான் லாபம். அப்படிச் செய்கிற குடும்பத்தைத் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் டாக்டர்கள் முதலில் பார்த்த அந்தச் சர்க்கரை அளவு அதே வீட்டில்தான் ஏறும்.